எட்டு கிலோ ஸ்பிரிங்கும் நம் ஊர் ரோடும்

ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியோ, கார் அவ்வளவு நன்றாக ரோட்டைப் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை கோயமுத்தூர்ப் பையன்களிடம் பரவிக் கிடக்கிறது. ஸ்விஃப்ட், போலோ, ஐ20 என்று ஒரு சின்ன காரை வாங்க வேண்டியது. கம்பெனி மாட்டிக் கொடுத்த ஸ்பிரிங்கைக் கழற்றி எறிய வேண்டியது. இரும்புத் தூண் மாதிரி ஒன்றை மாட்டி, வண்டியை நான்கு விரற்கடை கீழே இறக்கி, "ஸ்போர்ட்" என்று பெயர் சூட்ட வேண்டியது. இந்த நம்பிக்கை ரேஸ் டிராக்கில் பாதி உண்மை. அவினாசி ரோட்டில் முழுப் பொய்.

இந்தப் பதிவை அந்தப் பையன்களுக்காக எழுதவில்லை. அவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. அவர்களுடைய அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் எழுதுகிறேன். காரணம் எளிது. பெரும்பாலும் காசு நம்முடையது. பின் சீட்டில் உட்காரும் முதுகும் நம்முடையது. மழை நாளில் மலை இறங்கும்போது அந்த வண்டிக்குள் இருப்பது நம் பேரப் பிள்ளை.

எனக்கு இதில் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். முப்பத்தோரு வருஷம் ஸ்பிரிங் செய்யும் தொழிற்சாலையில், தர ஆய்வுப் பிரிவில் இருந்தவன். ரேஸ் ஓட்டத் தெரியாது. ஸ்பிரிங் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தெரியும்.

முதலில் "எட்டு கிலோ ஸ்பிரிங்" என்றால் என்ன என்று பார்ப்போம். எட்டு கிலோ எடை வைத்தால் ஒரு மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் அது. பதினாறு கிலோ வைத்தால் இரண்டு மில்லிமீட்டர். ராபர்ட் ஹூக் 1678-ல் புத்தகம் போட்டுச் சொன்ன விதி. நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆக அந்த எட்டு என்பது ஸ்பிரிங்கின் எண். காரின் எண் அல்ல. அந்த ஸ்பிரிங் கெட்டியா, மெத்தையா என்று சொல்ல, அதன் தலையில் எவ்வளவு பாரம் உட்காருகிறது என்று தெரிய வேண்டும். குட்டியானை வண்டிக்கு மெத்தையாக இருக்கும் ஸ்பிரிங், ஸ்விஃப்டுக்குக் கல்லாக இருக்கும். பாரம் தெரியாமல் ஸ்பிரிங் எண் சொல்வது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது மாதிரி.

அதனால்தான் சஸ்பென்ஷன் வடிவமைக்கும் இன்ஜினியர்கள் கிலோ கணக்கில் பேசுவதில்லை. ஊசலாட்டக் கணக்கில் பேசுவார்கள். காரின் மூக்கை அமுக்கி விட்டால் ஒரு விநாடியில் எத்தனை தடவை மேலும் கீழும் ஆடும்? ஒரு தடவை என்றால் ஒரு ஹெர்ட்ஸ். குடும்பம் போகும் கார்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் இருக்கும். கொஞ்சம் சுறுசுறுப்பான தெருக் கார்கள் ஒன்றரையிலிருந்து இரண்டுக்குள். இறக்கைகளால் காற்றழுத்தம் வாங்காத ரேஸ் கார்கள் இரண்டு, இரண்டரை. இறக்கை வைத்த ரேஸ் கார்கள் மூன்றும் அதற்கு மேலும்.

இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். அந்த மூலையில் உட்காரும் பாரத்தை, சக்கரத்தில் உணரப்படும் ஸ்பிரிங் எண்ணால் வகுத்தால், ஸ்பிரிங் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கி நிற்கிறது என்று வரும். அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ். அவ்வளவுதான். பேத்தியின் கால்குலேட்டர் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் கிலோ எடையுள்ள சின்ன கார். இன்ஜின் முன்னால் இருப்பதால் முன் அச்சில் 620 கிலோ, பின் அச்சில் 380 என்று வைத்துக்கொள்வோம். முன்னால் ஒரு மூலைக்கு 310. அதில் சக்கரம், பிரேக் போன்றவை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குபவை. அவற்றுக்கு 35 கிலோ கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 275. சக்கரத்தில் 1.9 கிலோ இருந்தால் ஸ்பிரிங் 145 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும், ஊசலாட்டம் 1.3 ஹெர்ட்ஸ். 2.5 கிலோ என்றால் 110 மில்லிமீட்டர், 1.5 ஹெர்ட்ஸ். இப்போது எட்டு கிலோ ஸ்பிரிங்கை மாட்டுங்கள். ஸ்பிரிங் சற்றே சாய்ந்தும் சக்கரத்துக்கு உள்ளே தள்ளியும் நிற்பதால் சக்கரத்தில் அது 7.2 கிலோவாக உணரப்படும். அமுங்குவது 38 மில்லிமீட்டர். ஊசலாட்டம் 2.55 ஹெர்ட்ஸ். அதாவது டிராக்கில் மட்டும் ஓடும் ரேஸ் காரின் கணக்கு. அதில் காய்கறி வாங்க உழவர் சந்தைக்குப் போகிறோம்.

அந்த 38 மில்லிமீட்டரை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஸ்பிரிங்கின் வேலை சொகுசு தருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பையன்களும் அப்படித்தான்: "தாத்தாவுக்கு சொகுசு வேணும், எனக்கு கிரிப் வேணும்." இரண்டும் எதிரெதிர் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கின் முதல் வேலை டயரைத் தரையில் அழுத்தி வைப்பது. டயர் தரையை அழுத்தினால்தான் பிரேக் பிடிக்கும், ஸ்டியரிங் கேட்கும். அழுத்தம் குறைந்தால் பிடிப்பும் குறையும். அழுத்தம் சூன்யம் என்றால் பிடிப்பும் சூன்யம். டயர் என்ன கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்போது ஐம்பது மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு குழியில் சக்கரம் இறங்குகிறது. நம் ஊரில் இதைக் குழி என்று கூடச் சொல்ல மாட்டோம். கார் உடம்பு கீழே வருவதற்குள் சக்கரம் மட்டும் இறங்கி ஆக வேண்டும். 1.9 கிலோ ஸ்பிரிங் 145 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தது. ஐம்பது விரிந்த பிறகும் 95 மில்லிமீட்டர் அமுக்கம் மிச்சம் இருக்கிறது. சுமார் 180 கிலோ விசையோடு டயரைத் தரையில் அழுத்திக்கொண்டே இருக்கும். எட்டு கிலோ ஸ்பிரிங்? மொத்தமே 38 தான் அமுங்கியிருந்தது. குழியின் அடி வருவதற்குள் தீர்ந்துவிட்டது. டயரை அழுத்த அதனிடம் ஒன்றும் இல்லை. சக்கரம் தன் சொந்த எடையில் தொங்குகிறது. அந்த நொடியில் நீங்கள் வளைவில் இருந்தால், மூன்று சக்கரத்தில் வளைகிறீர்கள்.

மேடு வந்தால் இதற்குத் தலைகீழ். இருபத்தைந்து மில்லிமீட்டர் மேட்டில் சக்கரம் சட்டென்று ஏறினால், மெத்தையான ஸ்பிரிங் காரின் உடம்பைக் கூடுதலாக 48 கிலோ விசையில் தள்ளும். எட்டு கிலோ ஸ்பிரிங் 180 கிலோ விசையில் தள்ளும். உடம்பு துள்ளும், பின்னாலேயே சக்கரமும் துள்ளும். வளைவில் வண்டி ஒரு அடி வெளியே தாவும். "கார் பட்டை மாதிரி நிக்குது" என்று பையன் சொல்வது, சமமான ரோட்டில் மட்டும் உண்மை.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். போனவர்களுக்குத் தெரியும். வளைவின் உள் ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடி தார் அரித்திருக்கும். பஸ்ஸும் லாரியும் திரும்பித் திரும்பி ரோடு அலை அலையாக இருக்கும். வண்டி நன்றாக ரோட்டைப் பிடிக்க வேண்டிய இடமும் அதுதான், ரோடு மோசமாக இருக்கும் இடமும் அதுதான். அந்த வளைவில் ஜெயிப்பது அலையோடு ஏறி இறங்கும் சக்கரம். விறைத்து நிற்கும் சக்கரம் அல்ல.

"ரேஸ் கார் எல்லாம் கெட்டியாத்தானே இருக்குது?" என்று உடனே கேட்பார்கள். நம் ஊர்ப் பிள்ளை நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டியதிலிருந்து, இங்கே எல்லாருமே இந்த விஷயத்தில் நிபுணர்கள். பதில் சொல்கிறேன். ஃபார்முலா 1 கார் தன் இறக்கையாலும் அடிப்பாகத்தாலும் காற்றை வைத்துத் தன்னைத் தரையோடு அழுத்திக்கொள்கிறது. வேகத்தில் அந்த அழுத்தம் காரின் எடையையே தாண்டும். மெத்தையான ஸ்பிரிங் போட்டால் அந்த அழுத்தத்தில் வண்டி தரையைத் தேய்க்கும்; அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மாறினால் அழுத்தமும் மாறிப்போகும். அதற்காகக் கெட்டி. பிடிப்புக்காகக் கெட்டி அல்ல, காற்றுக்காகக் கெட்டி. 1980-களின் தொடக்கத்தில் அந்தக் கார்களில் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஓட்டியவர்கள் உடம்பு நொந்து புலம்பினார்கள். அவர்களுக்கு இரண்டு மணி நேர வேலை, கண்ணாடி மாதிரி ரோடு, சம்பளம். நம் பையனுக்கு இந்த மூன்றும் இல்லை. ஸ்விஃப்டின் பின்னால் ஒட்டும் பிளாஸ்டிக் இறக்கைக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் என்ன அழுத்தம் வந்துவிடப் போகிறது?

ரேஸைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ரேலியைப் பாருங்கள். கோயமுத்தூர் ரேலிக்காரர்களின் ஊர். மண் பாதையில் ஓடும் ரேலி காரில் சக்கரம் ஏறி இறங்கும் தூரம் நீளமாக இருக்கும். ஸ்பிரிங் அளவாக இருக்கும். டேம்பர்தான் உயர்ந்த சரக்கு. நம் தெருக்கள் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயைப் போல இருக்கின்றனவா, ரேலிப் பாதையைப் போல இருக்கின்றனவா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

தெருவில் ஓட்டுவதற்கென்றே செய்த நல்ல ஸ்போர்ட்ஸ் கார்களின் சரித்திரமும் என் பக்கம்தான். 1962-ல் வந்த லோட்டஸ் எலான் இன்றுவரை வளைவில் திரும்புவதற்குப் பேர் போன கார். அதன் ஸ்பிரிங் மெத்தையானது. 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 வளைவில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சாயும். ஓட்டியவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். கார் சாய்வதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. எவ்வளவு சாய்கிறது என்பதைவிட, சாயும்போது நான்கு டயரும் தரையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இனி ஸ்பிரிங்கை வெட்டும் கொடுமை. புது ஸ்பிரிங் வாங்கக் காசில்லாத பையன்கள், இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டி எடுக்கிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஒரு ஸ்பிரிங் எப்படிப் பிறக்கிறது தெரியுமா? சிலிக்கான் கலந்த உருக்குக் கம்பியைச் சுருட்டி, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கி, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்தி, பொடி உருக்குக் குண்டுகளால் மேற்பரப்பு முழுவதும் அடித்து, அதன் பிறகு ஒன்றோடொன்று ஒட்டும் வரை நசுக்கி எடுத்து, கடைசியில் பாரம் வைத்து அளந்து, பெயின்ட் புள்ளி வைத்து அனுப்புவோம். குண்டடிப்பது எதற்கென்றால், மேல் தோலில் விரிசல் பிறக்காமல் இருக்க. நசுக்குவது எதற்கென்றால், பிற்பாடு வண்டியில் உட்கார்ந்து உயரம் குறையாமல் இருக்க. இவ்வளவும் செய்த பொருளை ஒருவர் கேஸ் கட்டரால் வெட்டுகிறார். சூடு பட்ட இடத்தில் பதம் போயிற்று. முனை ஸ்பிரிங் கிண்ணத்தில் சரியாக உட்காராது. சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இடத்தை விட்டு நகரக்கூட வாய்ப்பு உண்டு.

வெட்டினால் ஸ்பிரிங் மெத்தையாகும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். "கம்பி குறைஞ்சுதுங்களே சார், பலமும் குறையத்தானே வேணும்?" என்று ஒரு மெக்கானிக் தம்பி என்னிடமே கேட்டார். தலைகீழ். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மிச்சம் ஐந்து சுற்றும் அதே வேலையைச் செய்ய வேண்டும்; ஸ்பிரிங் இருபது சதவீதம் கெட்டியாகும். இரண்டை வெட்டினால் ஐம்பது சதவீதம். கம்பியின் கனம் இன்னும் மோசம்: பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் பதிமூன்று போட்டால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், 38 சதவீதம் கெட்டியாகிவிடும். ஒரு மில்லிமீட்டரில் இவ்வளவு இருக்கிறது. இதில் கண் அளவு, கை அளவு என்று விளையாட இடமில்லை.

பையன்களை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நியாயம் இல்லை. நம் வயதுக்காரர்கள் செய்வதையும் சொல்ல வேண்டும். வேகத்தடையில் வண்டி அடி தட்டுகிறது என்று ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் சொருகிக்கொள்கிறோம் அல்லவா? அதுவும் அதே குற்றம்தான். ரப்பர் பிடித்துக்கொண்ட சுற்று வேலை செய்யாது. வெட்டினால் வண்டி இறங்கும், சொருகினால் ஏறும். ஆனால் இரண்டிலும் வேலை செய்யும் சுற்று குறைந்து ஸ்பிரிங் கெட்டியாகிறது. மிச்சச் சுற்றுகளுக்குச் சுமை கூடுகிறது. ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே மண் சிக்கி பெயின்டைத் தேய்க்கும். அங்கே துரு, துருவில் விரிசல். உடைந்து வந்த ஸ்பிரிங்குகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன்: முறிவு பெரும்பாலும் தோலில் இருக்கும் ஒரு சின்னக் காயத்தில்தான் தொடங்கும். வண்டி அடி தட்டுகிறது என்றால் முதலில் ஸ்பிரிங் வயதாகி உட்கார்ந்துவிட்டதா என்று அளந்து பாருங்கள். அப்படியானால் அதே அளவில் புதுசு மாட்டுங்கள்.

உண்மையில் கோபம் வர வேண்டிய இடம் வேகத்தடை. இந்திய ரோடு காங்கிரஸ் 1988-ல் போட்ட ஐ.ஆர்.சி. 99 என்ற விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அதன் வளைவு 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் தாண்டலாம். தெருவில் நாம் தாண்டுவது கட்டியவர் மனம் போல எழுந்த சுவர். அந்தச் சுவர் இருக்கும் ஊரில் காரை நாற்பது மில்லிமீட்டர் இறக்குவது புத்திசாலித்தனமா?

இறக்குவதில் இன்னொரு ரகசியம் இருக்கிறது. கடைக்காரர் சொல்ல மாட்டார். சக்கரம் மேலே ஏறும் தூரத்துக்கு ஒரு எல்லை உண்டு. எல்லையில் ஒரு ரப்பர் முட்டு இருக்கும், பம்ப் ஸ்டாப் என்பார்கள். வண்டியை நாற்பது இறக்கினால், அந்த நாற்பதும் ஏறும் தூரத்திலிருந்து போயிற்று. சின்ன மேட்டிலேயே முட்டில் இடிக்கும். இடித்தவுடன் ஸ்பிரிங் எண் என்னவாக இருந்தாலும் கவலையில்லை, அந்த நொடியில் ஸ்பிரிங்கே இல்லை. மேலும் இந்தக் கார்களில் முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அதிகம் இறக்கினால் கீழ்க் கை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி காரைவிட வேகமாகக் கீழே போய்விடும். சாயவைக்கும் நெம்புகோல் நீளமாகும். சாய்வைக் குறைக்க இறக்கிய வண்டி, அதனாலேயே சாய வழி தேடுகிறது. அதைத் தடுக்க இன்னும் கெட்டி ஸ்பிரிங். வாலைப் பிடித்த கதை.

முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பொருத்தம் வேறு. ரோல்ஸ் ராய்ஸில் இருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஆலி என்ற இன்ஜினியர், 1930-களில் ஒரு காரில் எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்பிரிங்கை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். முன் ஊசலாட்டத்தைவிடப் பின் ஊசலாட்டம் கொஞ்சம் வேகமாக இருந்தால் கார் தலையாட்டாமல் போகும் என்று கண்டார். காரணம் அழகானது. மேட்டில் முதலில் முன் சக்கரம் ஏறுகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்விஃப்ட் மாதிரி காருக்குப் பின் சக்கரம் ஏற இன்னும் 0.15 விநாடி ஆகும். தாமதமாகத் தொடங்கிய பின்பக்கம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து, இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். இல்லாவிட்டால் மூக்கு மேலே, வால் கீழே என்று கார் ஏற்றம் இறைக்கும்.

எட்டு முன்னால், ஆறு பின்னால் என்று விற்கும் செட்டை இந்தக் கணக்கில் போடுங்கள். நம் உதாரணக் காரின் பின் மூலையில் ஸ்பிரிங் தாங்குவது 160 கிலோ. பின் ஸ்பிரிங் சக்கரத்துக்கு முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தால் ஆறு கிலோ, சக்கரத்தில் நான்குக்கும் குறைவாக இறங்கிவிடும். ஊசலாட்டம் 2.45. முன்னால் 2.55. காலி வண்டியிலேயே பின்பக்கம் மெதுவாக ஆடுகிறது. பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் இரண்டு ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். உடம்பை உலுக்கும் கெட்டியும் உண்டு, தலையாட்டமும் உண்டு. காசு கொடுத்து இரண்டு வியாதியையும் வாங்கிய மாதிரி.

முதுகெலும்பு ஆபரேஷன் செய்துகொண்ட என் நண்பர் ஒருவர், தங்கை மகன் வண்டியில் பொள்ளாச்சியிலிருந்து இங்கே வந்து, இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாட்டு வண்டியே தேவலைங்க" என்றார். மிகையில்லை. மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வில் நான்கிலிருந்து எட்டு ஹெர்ட்ஸ் வரை உள்ளதைத்தான் அதிகம் உணர்கிறது என்று ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலை வைத்திருக்கிறது. ஒரு ஸ்பிரிங் தன் ஊசலாட்டத்தைப் போல 1.4 மடங்குக்கு மேல் வரும் அதிர்வுகளைத்தான் வடிகட்டத் தொடங்கும். 1.3 ஹெர்ட்ஸ் கார் இரண்டு ஹெர்ட்ஸுக்கு முன்பே வடிகட்டத் தொடங்கிவிடும். நான்கு வரும்போது நன்றாகவே வடிகட்டியிருக்கும். 2.55 ஹெர்ட்ஸ் கார் 3.6-ல்தான் தொடங்கும். நான்கு ஹெர்ட்ஸ் அதிர்வு ஏறத்தாழ அப்படியே முதுகுக்கு வரும்.

கடைசியாக டேம்பர், நாம் ஷாக் அப்சார்பர் என்பது. ஸ்பிரிங் ஆட வைக்கும், இது ஆட்டத்தை அடக்கும். சக்கரத்தில் ஸ்பிரிங் எண் நாலு மடங்கு ஆனால், அடக்கும் சக்தி இரண்டு மடங்காவது வேண்டும். கம்பெனி டேம்பரோடு கெட்டி ஸ்பிரிங்கை மட்டும் மாட்டினால், ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் வண்டி பந்து மாதிரி குதிக்கும். பையன் அதை "ஸ்போர்ட்டி ஃபீல்" என்பான். பழைய டேம்பரோடு ஸ்பிரிங் மட்டும் விற்கும் கடை, மருந்துச் சீட்டில் பாதியைக் கிழித்துக் கொடுக்கும் கடை.

என் எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். கம்பெனி ஸ்பிரிங் எல்லாருக்குமான சமரசம். ஒருவர் போனாலும், ஐந்து பேர் மூட்டை முடிச்சோடு போனாலும் ஒப்பேற்ற வேண்டும். ஓட்டத் தெரிந்த பையனுக்கு அதில் கொஞ்சம் தளர்ச்சி தெரியலாம். சரி. முன் ஸ்பிரிங்கை இருபது, இருபத்தைந்து சதவீதம் கூட்டட்டும். 1.3 ஹெர்ட்ஸ் 1.45 ஆகும். பின்னால் அதைவிடப் பத்து சதவீதம் கூடுதல் ஊசலாட்டம் வரும்படி தேர்ந்தெடுக்கட்டும். அதற்குப் பொருத்தமான டேம்பர் மாட்டட்டும். செலவில் பெரும்பங்கு இதற்கே போகட்டும். சாய்வுதான் உறுத்துகிறது என்றால் ஆன்டி ரோல் பாரைக் கொஞ்சம் கனமாக்கலாம். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறும்போது அது குறுக்கே வராது. நல்ல டயர் நான்கு போடட்டும். இவ்வளவு செய்த கார், எட்டு கிலோ செட் மாட்டிய காரை வால்பாறைப் பாதையில் பின்னால் விட்டுவிட்டுப் போகும். உள்ளே இருப்பவர் காப்பி குடித்துக்கொண்டே போகலாம்.

ஆகவே வீட்டில் பையன் "அப்பா, சஸ்பென்ஷன் மாத்தணும்" என்று வந்தால் திட்டாதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள். நம் காரின் நான்கு மூலையிலும் எவ்வளவு எடை? எடைமேடையில் முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக ஏற்றி வாங்கிய சீட்டைக் காட்டு. இந்த ஸ்பிரிங் சக்கரத்தில் எத்தனை கிலோ? அப்படியானால் முன்னால் எத்தனை ஹெர்ட்ஸ், பின்னால் எத்தனை? ஐந்து பேர் ஏறிய பிறகு முட்டில் இடிக்க எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்?

இதே கேள்வியை ஒரு கடையில் நானே கேட்டேன். "எத்தனை ஹெர்ட்ஸ் வருதுங்க தம்பி?" "எட்டு கிலோ சார்." "அது தெரியுது. ஹெர்ட்ஸ் எவ்வளவு?" "எல்லாரும் இதாங்க சார் போடுறாங்க." இதுதான் இந்த வியாபாரத்தின் மொத்த விஞ்ஞானம். எல்லாரும் போடுகிறார்கள். வைத்தியரிடம் போய் "என்ன மருந்து?" என்று கேட்டால், "எல்லாரும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள்" என்று சொன்னால் எழுந்து வந்துவிட மாட்டோமா?

பையன் நான்கு கேள்விக்கும் பதில் கொண்டு வந்தால் தாராளமாகக் காசு கொடுங்கள். அவன் நல்ல இன்ஜினியர் ஆவான். பதில் வராத வரை பர்ஸைத் திறக்காதீர்கள். கம்பெனி ஸ்பிரிங் இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்கட்டும். அதை அளந்து பார்த்து, பெயின்ட் புள்ளி வைத்து அனுப்பியவர்கள் முட்டாள்கள் அல்ல.